மருந்து உருவாவது முதல் பக்கவிளைவு தோன்றுவது வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

மாத்திரையோடு வரும் குறிப்புத் தாளை விரித்து, அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும் பக்கவிளைவுகளைப் படித்துவிட்டு மருந்தையே ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. அந்தத் தாளைத் திறந்தே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களும் உண்டு. நோயைத் தீர்க்கும் குணம் ஒன்று, தீங்கு செய்யும் குணம் வேறொன்று என மருந்துக்குள் இரண்டும் தனித்தனியாக இருப்பதாகவும், நல்ல மருந்தென்றால் இரண்டாவது குணம் இருக்காது என்றும் இரு சாராருமே எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பாலான பக்கவிளைவுகள், நோயைத் தணிக்கும் அதே வேதிச்செயல் வேறோர் உறுப்பிலோ தேவைக்கு மீறிய அளவிலோ நிகழ்வதால் எழுபவை. இதை விளங்கிக்கொள்ள மருந்தை அதன் பிறப்பிலிருந்தே பின்தொடர வேண்டும். அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டி அமைந்துள்ளது. கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு படிப்பவருக்குக் கடைசி இரண்டு படிகளே நேரடியாக உதவும் என்றாலும், முந்தையவற்றைப் படித்துவிட்டு வந்தால்தான் அவற்றின் காரணம் புரியும்.

படி 1: இலக்கும் மூலக்கூறும்

உடலுக்கு முற்றிலும் புதிதான வேலையை எந்த மாத்திரையும் கற்றுக்கொடுப்பதில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலை அது கூட்டுகிறது, குறைக்கிறது, அல்லது தடுக்கிறது. ஆகவே ஆராய்ச்சியாளர் முதலில் கேட்கும் கேள்வி, ‘இந்த நோயில் எந்தப் புரதத்தைத் தொட்டால் பயன் கிடைக்கும்?’ என்பதே. அந்தப் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் ஏற்பியாக இருக்கலாம். வேதிவினையை நடத்தும் நொதியாக இருக்கலாம். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் நுழைந்து வெளியேறும் தடமாகவும் இருக்கலாம். இதையே மருந்தின் இலக்கு என்கிறோம். கிருமிகளை அழிக்கும் மருந்துகளில் இந்தத் தேர்வு சற்று எளிது, ஏனெனில் நம்மிடம் இல்லாத ஒன்றைக் குறிவைக்க முடியும். பாக்டீரியாவைச் சுற்றியுள்ள செல்சுவரின் கட்டுமானத்தைப் பென்சிலின் குலைக்கிறது; மனித உயிரணுவுக்கு அத்தகைய சுவரே கிடையாது.

இலக்கைத் தொடும் மூலக்கூறு எங்கிருந்தும் கிடைக்கலாம். பிரேசில் நாட்டின் ஜராராக்கா விரியன் பாம்பின் நஞ்சு இரத்த அழுத்தத்தைச் சடாரென இறக்குவதை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகவே, 1981இல் ஒப்புதல் பெற்ற காப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மாத்திரை உருவானது. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன அறிவியலாளர் தூ யூயூ, ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்குமாறு 4ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்று கூறுவதைக் கவனித்தார். கொதிக்கவைப்பதால்தான் மருந்துப்பொருள் அழிகிறது என ஊகித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு அதைப் பிரித்தெடுத்தார். ஆர்ட்டிமிசினின் அவ்வாறு கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஜப்பானியரான அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கொழுப்பைக் குறைக்கும் முதல் ஸ்டேட்டினை 1970களில் கண்டெடுத்தார்.

கண்டெடுத்ததை அப்படியே மருந்தாக்க முடிவது அரிது. அது நீரில் ஓரளவு கரைய வேண்டும். குடற்சுவரைத் தாண்ட வேண்டும். கல்லீரலில் உடனே சிதைந்துவிடக் கூடாது. இலக்கோடு இறுகப் பொருந்தி, அதைப் போலவே இருக்கும் பிற புரதங்களை இயன்றவரை விட்டுவிட வேண்டும். இவற்றில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். வேதியியலாளர்கள் ஒரே மூலக்கூறின் நூற்றுக்கணக்கான மாற்றுருவங்களைச் செய்து பார்ப்பது இதற்காகத்தான்.

படி 2: விலங்குச் சோதனை

மனிதருக்குக் கொடுக்கும் முன் உயிரணுக்களிலும் விலங்குகளிலும் மருந்தைச் சோதிப்பது வழக்கம். இதில் அளவு, நச்சுத்தன்மை, கருவின் மீதான தாக்கம், மரபணுச் சேதம் ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஆனால் எந்த விலங்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே முடிவைத் தலைகீழாக்கிவிடக்கூடும். எண்டோ கண்டுபிடித்த ஸ்டேட்டின் எலிகளின் கொழுப்பைக் குறைக்கவில்லை. பின்னர் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் பலன் தெரிந்தது. 1940 மே மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு, கொல்லும் அளவுக்குக் கிருமியைச் செலுத்திய எட்டுச் சுண்டெலிகளில் நான்குக்குப் பென்சிலின் கொடுத்தது. மறுநாள் விடிவதற்குள் மற்ற நான்கும் இறந்தன, மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. அந்த இடத்தில் கினிப்பன்றிகள் இருந்திருந்தால், அவற்றின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து அவற்றையே கொல்லக்கூடிய பென்சிலின், நச்சுப்பொருள் என்று ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

படி 3: மனிதரிடம் சோதனை

முதல் கட்டத்தில், பெரும்பாலும் இருபது முதல் நூறு வரையிலான நலமுள்ள தன்னார்வலர்களுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக மருந்து கூட்டப்படுகிறது. இந்தக் கட்டத்தின் நோக்கம் நோய் குணமாகிறதா என்று பார்ப்பதன்று. உடல் அதைத் தாங்குகிறதா, எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுகிறது என்று அறிவதே. 2006 மார்ச் மாதம் லண்டனில் டி.ஜி.என். 1412 என்னும் எதிர்ப்பொருள் மருந்து இவ்வாறு ஆறு பேருக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகளில் பாதுகாப்பாக இருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. ஆயினும் சில மணி நேரத்துக்குள் அறுவருக்கும் நோயெதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் கிளர்ந்து, உறுப்புகள் செயலிழக்கும் நிலை ஏற்பட்டது; தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தனர். மருந்து குறிவைத்த புரதம், மனிதரின் ஒரு வகை நினைவு வெள்ளையணுக்களில் இருந்தது. சோதனைக்கு எடுத்த குரங்கின் அதே வகை அணுக்களில் இல்லை. ஒருவருக்குச் செலுத்தியபின் அவரைப் போதிய நேரம் கவனிக்காமலே சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்குச் செலுத்தியதும் கண்டனத்துக்குள்ளானது. இன்று இத்தகைய மருந்துகளை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருக்கின்றனர்.

இரண்டாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பயன் உண்டா, எந்த அளவு பொருத்தம் என்று பார்க்கின்றனர். பெரும்பாலான மருந்துகள் தோற்றுப்போவது இங்கேதான். மனிதச் சோதனைக்கு வரும் மூலக்கூறுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் இறுதியில் ஒப்புதல் பெறுகிறது. தொடக்கம் முதல் ஒப்புதல் வரை பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

மூன்றாம் கட்டம் ஆயிரக்கணக்கானோரிடம் நடப்பது. யாருக்குப் புதிய மருந்து, யாருக்கு ஒப்பீட்டு மருந்து அல்லது வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானிக்கிறது. இயன்றவரை நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இந்த ஒழுங்குக்கு முன்மாதிரியாக நின்றது, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948இல் வெளியிட்ட ஆய்வு. முத்திரையிட்ட உறைகளின் வழியே 55 பேர் மருந்துக்கும் 52 பேர் படுக்கை ஓய்வுக்கு மட்டுமாகவும் ஒதுக்கப்பட்டனர். ஆறு மாத முடிவில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவது குழுவில் 14 பேரும் இறந்திருந்தனர். குலுக்கல் இல்லாமல் மருத்துவரே தேர்ந்தெடுத்திருந்தால், தேறக்கூடியவர்கள் என்று தோன்றியவர்களுக்கே மருந்து போயிருக்கும். அப்போது இந்த வேறுபாட்டுக்கு ஒரு பொருளும் இருந்திருக்காது. ‘எனக்குத் தெரிந்த பத்துப் பேருக்குக் குணமானது’ என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் ஏன் மதிப்பில்லை என்பதற்கும் இதுவே விடை.

இவ்வளவு பெரிய சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. 3,000 பேரிடம் ஒரு தீங்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்றால், அது இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. அதன் உண்மையான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். இருபதாயிரத்தில் ஒருவருக்கு வரும் கல்லீரல் பாதிப்பு, ஒப்புதலுக்கு முன் கண்ணில் படாமலே போகக்கூடும். போதாக்குறைக்கு, சோதனைகளில் பெரும்பாலும் கருவுற்றவர்கள் சேர்க்கப்படுவதில்லை. மிக முதியவர்களும், நான்கைந்து நோய்களுக்கு ஒரே நேரத்தில் மருந்து உண்பவர்களும் குறைவாகவே இடம்பெறுகின்றனர். அந்த மருந்தைப் பின்னாளில் அதிகம் உண்பவர்கள் அவர்களாகவே இருக்கலாம்.

படி 4: ஒப்புதலும் அதன் பிறகும்

ஒப்புதல் சட்டங்களின் வரலாறு பேரிடர்களால் எழுதப்பட்டது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பானைப் பயன்படுத்தியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டே, விற்பனைக்கு முன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கு வந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, உறக்கத்துக்கும் கர்ப்பகால வாந்திக்கும் ஏற்றதென்று பல நாடுகளில் கொடுக்கப்பட்டு, 1961 இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளர்ச்சி குன்றிப் பிறக்கக் காரணமானது. அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் தராமல் மேலும் சான்று கேட்டுக்கொண்டே இருந்த ஃபிரான்சிஸ் கெல்சி என்னும் அதிகாரியின் பிடிவாதத்தால் அந்நாட்டில் அது சந்தைக்கே வரவில்லை. அந்த மருந்து இன்று முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை: மல்டிபிள் மயலோமா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கும், தொழுநோயில் தோன்றும் ஒரு வகைக் கடும் அழற்சிக்கும், கருத்தரிப்பு நேராதபடி கடுங்கட்டுப்பாடுகளோடு அது கொடுக்கப்படுகிறது. தாலிடோமைடின் படிப்பினையாக, விற்பனைக்கு வந்த மருந்துகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பன்னாட்டுத் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 1968இல் தொடங்கியது.

படி 5: விழுங்கிய மாத்திரையின் பயணம்

வாய்வழி உண்ணும் மாத்திரை வயிற்றில் கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேராக இதயத்துக்குச் செல்லாமல் முதலில் கல்லீரலுக்குச் செல்வதால், உடல் முழுவதும் பரவும் முன்பே மருந்தின் ஒரு பகுதி அங்கே சிதைந்துவிடுகிறது. வாய்வழி உண்ணும் மார்ஃபினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொது இரத்த ஓட்டத்தை அடைகிறது. ஊசிக்கும் மாத்திரைக்கும் அளவு வேறுபடுவது இதனால்தான். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரினை நாவின் அடியில் வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்: அங்குள்ள இரத்தக் குழாய்கள் கல்லீரலைத் தவிர்த்து மருந்தை நேராக இதயத்துக்குக் கொண்டு செல்கின்றன.

‘வெறும் வயிற்றில்’, ‘உணவுக்குப் பின்’ என்ற குறிப்புகளைப் பலர் சம்பிரதாயமாகவே எடுத்துக்கொள்கின்றனர். டெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி பாலிலுள்ள கால்சியத்தோடு பிணைந்து, உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட், நீரைத் தவிர எதனோடு சேர்ந்தாலும் உடலில் ஏறுவது வெகுவாகக் குறையும். விழுங்கியபின் படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதால் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். மெதுவாகக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தோ பொடித்தோ உண்டால், பன்னிரண்டு மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும்.

இரத்தத்தில் கலந்த மருந்து தன் இலக்கைத் தேடிச் செல்வதில்லை. ‘தலைவலி மாத்திரை’ என்று நாம் சொன்னாலும் அது கால் விரல் வரை போகிறது. மூளை மட்டும் ஓரளவு விதிவிலக்கு. அங்குள்ள நுண்குழாய்களின் சுவர் நெருக்கமானது. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் பழைய மருந்தான குளோர்ஃபெனிரமின் அந்தச் சுவரைக் கடப்பதால் உறக்கம் வருகிறது. பின்னர் வந்த ஃபெக்ஸோஃபெனடின் அதைக் கடப்பது அரிது என்பதால் பெரும்பாலோருக்கு உறக்கம் வருவதில்லை. மூக்கில் இரண்டும் தொடுவது ஒரே ஏற்பியைத்தான்.

அடுத்தது வெளியேற்றம். கல்லீரலின் நொதிகள் மருந்தை நீரில் எளிதில் கரையும் வடிவுக்கு மாற்ற, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுட்காலம். ஐந்து அரை ஆயுட்காலங்கள் கழிந்தால் ஏறத்தாழ 97 சதவீதம் நீங்கிவிடும். ஒழுங்காக உண்டுவந்தால் நிலையான அளவை எட்டுவதற்கும் அவ்வளவு காலமே ஆகும். ஐபுபுரூஃபெனுக்கு இது சுமார் 2 மணி நேரம் என்பதால் ஒரு நாளில் பலமுறை உண்ண வேண்டியிருக்கிறது. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினுக்குச் சுமார் 7 நாட்கள். எனவே அதன் அளவை மாற்றிய அடுத்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்து பயனில்லை. ஆறு வாரங்கள் போல் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் எவ்வளவு கவலைப்பட வேண்டும், நிறுத்திய பின் பக்கவிளைவு எத்தனை நாளில் மறையும் என்னும் கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

படி 6: இலக்கில் நிகழ்வது: ஆஸ்பிரினை அருகிலிருந்து பார்த்தல்

ஆஸ்பிரின் 1897இல் தயாரிக்கப்பட்டது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல்தான் காட்டினார். காயத்திலும் அழற்சியிலும் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களைச் செய்யும் ‘காக்ஸ்’ நொதியை அது முடக்குகிறது. முடக்கும் விதம் சற்று அரியது: நொதியின் மீது ஒரு சிறு வேதிக்குழுவை ஒட்டிவைத்து அதை நிரந்தரமாகச் செயலற்றதாக்குகிறது. பிற உயிரணுக்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். ஆனால் இரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது. முடங்கிய நொதியை அவற்றால் ஈடுசெய்ய இயலாது. எனவே ஒரு தட்டணு தன் வாழ்நாளான ஏழு முதல் பத்து நாட்கள் வரை ஒட்டும் திறன் குறைந்தே இருக்கிறது. நாளுக்கு ஒரு சிறிய மாத்திரை மாரடைப்பு வந்தவரை மறுபடி வராமல் காக்க உதவுவதும், அறுவை சிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே ஆஸ்பிரினைப் பற்றி மருத்துவர் கேட்பதும் இதனால்தான்.

அதே நொதி இரைப்பையில் இருந்துகொண்டு, அமிலத்திலிருந்து உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைப் பேணுகிறது. சிறுநீரகத்தில் இரத்த ஓட்டத்தைப் பேணுகிறது. அங்கும் அது முடங்கும்போது வயிற்றுப்புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படலாம். நீர் வற்றியவருக்கும் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இதே இன வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மாத்திரை வயிற்றுச் சுவரில் பட்டு அரிப்பதால் மட்டுமே புண் வருகிறது என்று எண்ணிப் பூச்சுள்ள மாத்திரையை நம்புவோர் உண்டு. இந்த மருந்துகளை ஊசியாகச் செலுத்தினாலும் புண் வரலாம் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

இரைப்பையைக் காக்கும் முதல் வகை நொதியை விட்டுவிட்டு, அழற்சியில் மிகும் இரண்டாவது வகையை மட்டும் தடுத்தால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்த ரோஃபெகாக்சிப் 1999இல் சந்தைக்கு வந்தது. வயிற்றுப்புண் குறைந்தது உண்மையே. ஆனால் அந்த இரண்டாவது வகைதான் இரத்தக் குழாய்ச் சுவரில் உறைவைத் தடுக்கும் பொருளையும் செய்துகொண்டிருந்தது. அது குறைய, உறைவைத் தூண்டும் பொருள் மட்டும் குறையாமல் நின்றது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது உறுதியானதும் 2004இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஓரிடத்தில் தவிர்த்த தீங்கு வேறோரிடத்தில் முளைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று மருந்தியலில் குறைவு.

படி 7: பக்கவிளைவுகளின் வகைகள்

பெரும் பகுதி, மருந்தின் அறியப்பட்ட செயலிலிருந்தே முன்கூட்டிச் சொல்லக்கூடியது. அளவைக் குறைத்தால் இதுவும் குறையும். இன்சுலினால் வரும் சர்க்கரைத் தாழ்வு, இரத்த அழுத்த மாத்திரையால் எழும்போது வரும் தலைச்சுற்றல், புற்றுநோய்க்கான கீமோதெரபியில் முடி உதிர்தல் ஆகியன இவ்வகை. வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்கும் மருந்துக்குப் புற்றணுவும் முடியின் வேரணுவும் எலும்பு மஜ்ஜையும் ஒன்றுதான். காப்டோப்ரில் இனத்து மாத்திரைகளால் சிலருக்கு வரும் வறட்டு இருமலும் இதைச் சேர்ந்ததே: இம்மாத்திரைகள் தடுப்பது இரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருளை உண்டாக்கும் ஒரு நொதியை; அந்த நொதி, பிராடிகைனின் என்னும் வேறொரு பொருளைச் சிதைக்கும் வேலையையும் செய்துவந்தது, நொதி தடைபட, பிராடிகைனின் தேங்கி இருமலைத் தூண்டுகிறது. நொதியை விட்டுவிட்டு ஏற்பியைத் தடுக்கும் லோசார்ட்டானுக்கு மாற்றினால் இருமல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இருமல் மருந்து குடித்து மாதக்கணக்கில் அலைவதைவிட, மருந்துப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது மேல்.

இரண்டாவது வகை அளவோடு நேரடித் தொடர்பற்றது, எதிர்பாராதது, எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் கூடியது. பென்சிலின் மூலக்கூறு உடலின் புரதங்களோடு பிணைய, அந்தக் கூட்டை நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கொண்டால் ஒவ்வாமை உண்டாகிறது. சில நிமிடங்களில் மூச்சுத்திணறலும் அழுத்த வீழ்ச்சியுமாக அது உயிரைக் குடிக்கலாம்.

மூன்றாவதாக, மருந்தே சிதைந்து நச்சாவது. பாராசிட்டமாலின் பெரும்பகுதி தீங்கின்றி வெளியேறுகிறது. சிறு பகுதி மட்டும் கல்லீரலில் வீரியமிக்க நச்சாக மாறி, குளுட்டாதயோன் என்னும் காப்புப் பொருளால் உடனே அடக்கப்படுகிறது. அளவு மீறும்போது காப்புப் பொருள் தீர்ந்து, நச்சு கல்லீரல் அணுக்களையே தாக்குகிறது. நலமுள்ள வயது வந்தோருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் இன்னும் குறைவு. சளிக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால், தெரியாமலே இரட்டை அளவு உண்பது எளிது. அளவு மீறியவர் முதல் நாள் முழுவதும் நலமாகவே தோன்றலாம்; பாதிப்பு வெளிப்படுவது இரண்டு மூன்று நாட்களுக்குப் பின். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டைன் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகச் சிறப்பாகக் காக்கிறது என்பதால், அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

எதிர்பார்ப்பினால் எழும் விளைவுகளும் உண்மையானவையே. பக்கவிளைவுக்காக ஸ்டேட்டினை நிறுத்திவிட்ட 60 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஓராண்டுக்கு மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு குப்பிகள் தரப்பட்டன: நான்கில் ஸ்டேட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. மாத்திரை இல்லாத மாதங்களைவிட ஸ்டேட்டின் மாதங்களில் உபாதைகள் கூடின. ஆனால் அந்தக் கூடுதலில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் காணப்பட்டது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. வலி வந்தது, அதற்கு அந்த மூலக்கூறு பெரும்பாலும் காரணமன்று என்பதே பொருள்.

படி 8: ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை

கோடீன் தன்னளவில் வலுவற்றது. கல்லீரலின் ஒரு நொதி அதில் சிறு பகுதியை மார்ஃபினாக மாற்றும்போதுதான் வலி தணிகிறது. அந்த நொதி மரபுவழியில் செயலற்றவருக்குக் கோடீனால் பயனில்லை. மிகை வேகமாக இயங்குபவருக்கு வழக்கமான அளவே மூச்சை அடக்கிவிடலாம். மலேரியா மருந்தான பிரைமாகுவின், ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. வலிப்பு மருந்தான கார்பமாசெபின், எச்.எல்.ஏ.-பி 1502 என்னும் மரபணு வகை உடையவர்களுக்குத் தோல் உரியும் கொடிய எதிர்வினையை உண்டாக்கும் வாய்ப்பு மிகுதி. அந்த வகை ஆசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. முன்கூட்டியே இரத்தத்தில் சோதித்துத் தவிர்க்க முடிவது இன்றைய முன்னேற்றங்களில் உருப்படியான ஒன்று.

வயதாக ஆகச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைவதால், நாற்பது வயதில் பொருந்திய அளவு எண்பதில் மிகையாகலாம். மருந்தோடு மருந்து மோதுவதும் அடிக்கடி நேர்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைப் பெருக்கி, கருத்தடை மாத்திரையை வேகமாகச் சிதைத்துப் பயனற்றதாக்கிவிடும். எலுமிச்சை இனத்துக் கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாறு இதற்கு நேர்மாறு: குடற்சுவரிலுள்ள நொதியை முடக்கி, சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் ஸ்டேட்டின்களையும் இரத்தத்தில் பன்மடங்கு ஏறவிடும். மதுவுக்கும் ஒரு மாத்திரைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவையை மறைக்க இந்தச் சாற்றைக் கலந்தபோதுதான் இது தற்செயலாக வெளிப்பட்டது என்பது வேடிக்கை. மூலிகைகளும் மூலக்கூறுகளால் ஆனவையே என்பதால், அவற்றையும் மருத்துவரிடம் சொல்லும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

படி 9: குறிப்புத் தாளைப் படித்தல்

தாளில் பக்கவிளைவுகள் நிகழும் வாய்ப்பின்படி பிரிக்கப்பட்டிருந்தால், அச்சொற்களுக்குத் திட்டமான பொருள் உண்டு. ‘மிகப் பரவலானது’ என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வருவது. ‘பரவலானது’ நூறில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரை. ‘பரவலற்றது’ ஆயிரத்தில் ஒன்று முதல் நூறில் ஒன்று வரை. ‘அரியது’ பத்தாயிரத்தில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று வரை. ‘மிக அரியது’ அதற்கும் கீழ். முதலில் முதல் இரண்டு வரிசைகளைப் படித்து, அவற்றில் எவை தொடக்க நாட்களில் தோன்றித் தானே மறைபவை என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினால் வரும் வயிற்றுப்போக்கு பலருக்கு இவ்வாறு தணிந்துவிடுகிறது. பின்னர் அரியவற்றின் வரிசையில், உடனே மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லும் அறிகுறிகளை மட்டும் குறித்துவையுங்கள். எஞ்சியவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘யார் உண்ணக் கூடாது’, ‘எவற்றோடு சேர்க்கக் கூடாது’ என்னும் பகுதிகளை எவ்வளவு அவசரமானாலும் தாண்டாதீர்கள். என் கணிப்பில் அந்தத் தாளிலேயே அதிகப் பயன் தருவது அந்த அரைப் பக்கம்தான்.

படி 10: பக்கவிளைவு என்று ஐயம் எழுந்தால்

முகம், உதடு, நாக்கு வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம், வாயிலும் கண்ணிலும் புண்களோடு தோல் கொப்பளித்து உரிதல், கண் மஞ்சளாதல், கரிய நிற மலம், இரத்த வாந்தி ஆகிய எது தோன்றினாலும் அடுத்த வேளை மருந்தை உண்ணாமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். காப்டோப்ரில் இனத்து மாத்திரைகளால் வரும் உதடு, நாக்கு வீக்கம் மாதங்கள் கழித்தும் தோன்றலாம் என்பதால், ‘இவ்வளவு நாள் உண்டேனே’ என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது.

மற்றவற்றில் அவசரப்பட்டு நிறுத்துவதே தீங்காகலாம். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான்களைச் சடுதியில் விட்டால் நெஞ்சுவலி திரும்பலாம். வலிப்பு மருந்தை விட்டால் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில் உண்ட ஸ்டெராய்டை விட்டால், அதற்குள் ஓய்ந்துபோயிருக்கும் அட்ரீனல் சுரப்பி உடலைத் தாங்க இயலாமல் போகலாம். இவற்றின் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சில மாற்றங்களுக்கு எதையும் செய்ய வேண்டியதே இல்லை: ரிஃபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாவது மருந்தின் நிறமே தவிர இரத்தமன்று.

மருத்துவரிடம் செல்லும் முன் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: மருந்தைத் தொடங்கிய நாள், உபாதை தொடங்கிய நாள், ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை மணி நேரத்துக்குப் பின் அது கூடுகிறது, அந்தக் காலத்தில் உண்ட பிற மருந்துகளும் மூலிகைகளும். மருந்துக்கு முன்பே உபாதை இருந்ததா என்பதையும் நேர்மையாக நினைத்துப் பாருங்கள். காரணத்தை உறுதிசெய்ய மருத்துவர் மருந்தை நிறுத்திப் பார்ப்பார், அளவைக் குறைப்பார், அல்லது அதே இனத்தில் வேறொன்றுக்கு மாற்றுவார். கடும் ஒவ்வாமை நிகழ்ந்திருந்தால் அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்க மாட்டார்.

ஐயம் உறுதியாகாவிட்டாலும் அதை நாட்டின் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்குத் தெரிவிக்கலாம். பல நாடுகளில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்க வழியுண்டு. அந்த அறிக்கைகள் சுவீடனின் உப்சாலா நகரிலுள்ள உலகத் தரவுத்தளத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு, சிதறிக் கிடக்கும் ஒற்றை நிகழ்வுகளிடையே ஒழுங்கு தென்படுகிறதா என்று ஆராயப்படுகின்றன. அறிக்கையில் மருந்தின் பெயரோடு, அட்டையில் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணையும் எழுதுங்கள். கோளாறு மூலக்கூறில் இருக்கிறதா, அந்த ஒரு தொகுதியின் தயாரிப்பில் இருக்கிறதா என்பதைப் பிரித்தறிய அந்த எண் தேவைப்படும். ஆகவே மாத்திரை தீரும் வரை அட்டையின் எண்ணுள்ள முனையைக் கிழிக்காமல் மறுமுனையிலிருந்து பிரித்து உண்பது நல்லது.